அளவு வைத்துப் பார்த்த கணக்கு

கோகிலவாணியை ஓரிடத்தில் உட்கார வைக்கத் தையல் மிஷினால் மட்டும்தான் முடியும் என்று அவள் புருஷன் இருசப்பன் சொல்வான். அந்தப் பேச்சும் கார்த்திகை மாதத்தோடு பொய்யாகிவிட்டது. நாலு தையல் ஓடும், எழுந்துவிடுவாள். உலை கொதிக்கிறதா என்று பார்ப்பாள், வாசலுக்குப் போவாள், பள்ளிக்கூடம் விட இன்னும் எவ்வளவு நேரம் என்று செல்போனை எடுப்பாள். திரும்ப வந்து உட்கார்ந்தால் எதைத் தைத்துக்கொண்டிருந்தோம் என்பது மறந்திருக்கும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, மகள் ஷாலினி பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் பரீட்சை பிள்ளைக்கு, காய்ச்சல் தாய்க்கு.

கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்துச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு. முன்பக்கம் மிஷின், பின்பக்கம் அடுப்பு, நடுவில் குடும்பம். இருசப்பன் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவன். அறுப்பு எங்கே நடக்கிறதோ அங்கே இருப்பான், தை மாசி என்றால் தஞ்சாவூர்ப் பக்கம். அவன் இல்லாத நாளிலும் வீட்டில் அடுப்பு எரிவது கோகிலவாணியின் கத்தரிக்கோலால்தான். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. கல்வராயன் மலையிலிருந்து, அங்கே கரியாலூரிலிருந்துகூட, பஸ் பிடித்து இறங்கி வந்து துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவள் தொழிலுக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான், அளவு ரவிக்கை. டேப்பை வைத்து இடுப்பையும் தோளையும் அளக்கிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவரச் சொல்வாள். அதைப் புதுத் துணிமேல் விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கோட்டின்மேல் வெட்டுவாள். வெட்டியதைப் பழையதன்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். ஓரத்துக்கு ஓரம் பொருந்தினால் சரி. பதினாலு வருஷமாக அந்த வழி அவளைக் கைவிட்டதில்லை. கைவிடாத வழியை மனிதர்கள் எல்லா ஊருக்கும் போகிற வழி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் வினை.

படிப்பு அவளுக்கு ஒன்பதாவதோடு சரி. சின்னசேலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கணக்கு வாத்தியார் எழுப்பிக் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் பாதிநாள் நின்றாள். மறுநாள் போகவில்லை. அடுத்த வாரம் அம்மாவோடு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போனவள், போனவள்தான். யாரும் வந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளா என்று கேட்டால், போயிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வாள். அதனால்தான் ஷாலினி விஷயத்தில் அவளுக்கு அந்தப் பதைப்பு. மகள் பத்தாவது தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் பன்னிரண்டு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அவளுக்கு மிக நன்றாகத் தெரியும், அது அவளே.

கார்த்திகையில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். எல்லாப் பெற்றோரையும் அனுப்பிவிட்டுப் பதினோரு பேரை மட்டும் இருக்கச் சொன்னார்கள். அந்தப் பதினோரு பேர் பெற்ற பிள்ளைகளுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர். மக்கு என்பதற்கு இவ்வளவு மரியாதையான வார்த்தை இருக்கிறது என்பதே கோகிலவாணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணக்கு டீச்சர் அருள்மொழி நல்ல மாதிரி. கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவருக்கும் தலைக்குமேல் வேலை, தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிடத்திலிருந்து அவருக்கும் ஏச்சு.

“அம்மா, ஷாலினிக்கு முப்பத்தஞ்சு வந்தா போதும்” என்றார். “கிராப்புக்கு எட்டு, ஜியாமெட்ரிக்கு எட்டு. பதினாறு மார்க் அப்பிடியே கைல. மிச்சத்த ஒரு மார்க் கேள்வில தேத்திடலாம். தினம் ஒரு கிராப் போடச் சொல்லி, பக்கத்துல உக்காந்து பாத்து, கையெழுத்து போட்டு அனுப்புங்க.”

“எனக்குக் கணக்கு வராதுங்க டீச்சர்.”

“நீங்க கணக்கு பாக்க வேணாம்மா. நீட்டா போட்டிருக்காளான்னு பாருங்க, போதும்.”

சொல்லிவிட்டு, தானே போட்டுச் சிவப்பு மையில் சரி குறித்த வரைபடத்தாள் ஒன்றைக் கொடுத்தார். சின்னச் சின்னக் கட்டம் நிறைந்த தாளில் ஒரு வளைகோடு. இடது மேலிருந்து இறங்கி, ஆழமாகக் கீழே போய், வளைந்து வலது மேல் ஏறியது. பார்த்ததும் கோகிலவாணிக்கு மனசு குளிர்ந்தது. கணக்கு என்றால் பூதம் என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தாளே, இது ஒரு டீப் நெக், ஆழமாக இறக்கி வெட்டுகிற ரவிக்கைக் கழுத்து. இந்த மாதிரி எத்தனை கழுத்து வெட்டியிருக்கிறாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து வந்ததும் ஷாலினி கிராப் போட வேண்டும். போட்டு முடித்ததும் கோகிலவாணி அந்தத் தாளை வாங்கி டீச்சர் கொடுத்த தாளின்மேல் வைத்து, இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். கோட்டுக்குக் கோடு பொருந்தினால் கையெழுத்து. கொஞ்சம் விலகியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி. முதல் நாள் நாலு தடவை அழித்தாள் ஷாலினி. நாலாம் நாள் ஒரே தடவையில் பொருந்திற்று.

“பாத்தியா, வந்துடுச்சி!” என்று கோகிலவாணி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ஷாலினியும் சிரித்தாள். கணக்குக்காக அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கோடு பொருந்தவே இல்லை. சுத்தமாக வேறு எங்கேயோ போயிருந்தது.

“இன்னாடி இது? கோடு எங்கியோ போவுது?”

“வேற கணக்கும்மா. புக்குல இருந்து அடுத்தத போட்டுப் பாத்தேன்.”

“டீச்சர் குடுத்தது ஒண்ணு, நீ போடறது ஒண்ணா? இருக்கறத ஒழுங்காப் போட வழியக் காணோம், இவ புதுசு போடறாளாம்!”

“இல்லம்மா, நம்பர் மாறுனா கோடும்…”

கோகிலவாணி கேட்கவில்லை. தாளை இரண்டாகக் கிழித்தாள், அடுப்படிப் பக்கம் எறிந்தாள். “போட்டதையே போடு. கை பழவுனாத்தான் பரிட்சையில வரும்.” ஷாலினி கொஞ்ச நேரம் கிழிந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு பழைய கோட்டையே போட்டாள். அச்சாகப் பொருந்திற்று. கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள்.

ஜியாமெட்ரி முக்கோணத்துக்கும் அதே கதைதான், டீச்சர் போட்டுக் கொடுத்த ஒன்றையே திரும்பத் திரும்ப. டீச்சரும் கையெழுத்தை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில் பொங்கலுக்குள் நாற்பது தாள் சேர்ந்துவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். இருசப்பன் போனில் கூப்பிட்டால், “உன் பொண்ணு கண்ண மூடிக்கினு போடுவா கிராப்பு” என்றாள். அவன், “நீ சொன்னா சரி” என்றான். ஊர் மெச்சியது, வீடு மெச்சியது, தாள் தாளாகக் கோடு பொருந்தியது. அப்படியிருந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கல் துணி மலைபோலக் குவிந்து கிடந்தபோதும் பரீட்சைக்கு நாள் எண்ணிக்கொண்டு எழுந்து எழுந்து நடந்தாள்.

பொங்கல் முடிந்து திருப்புதல் தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சை அன்றைக்கு ஷாலினி வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டாள். “கிராப்பு போட்டியா?” என்று கேட்டதற்கு, “போட்டேன்” என்றாள். “பொருந்துச்சா?” என்று கேட்க வந்து, பொருத்திப் பார்க்க அங்கே எது இருக்கும் என்று தோன்றி, கோகிலவாணி பேசாமல் இருந்துவிட்டாள். அந்த யோசனையை இன்னும் ஒரு அடி தள்ளியிருந்தால் எல்லாமே விளங்கியிருக்கும். தள்ளவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆசிரியர் அறை வாசலில் ஏழெட்டுப் பெற்றோர் வரிசையாக நின்றார்கள், பக்கத்தில் அவரவர் பிள்ளை. கோகிலவாணியின் முறை வந்ததும் அருள்மொழி டீச்சர் விடைத்தாளை மேசைமேல் போட்டார். நூற்றுக்குப் பத்தொன்பது. பக்கத்தில் ஷாலினியின் பயிற்சித் தாளையும் வைத்தார்.

“பாருங்கம்மா. கேள்வித்தாள்ல குடுத்த கணக்கு வேற. இவ போட்டிருக்கிற படம் இது. உங்க வூட்டு நோட்டுல இருக்கிற அதே படம், புள்ளி மாறாம! ஜியாமெட்ரியும் அப்பிடித்தான், சின்ன முக்கோணம் கேட்டா பெருசு போட்டிருக்கா. தாளுக்கு அடியில வச்சி ட்ரேஸ் எடுத்திருக்கா. பப்ளிக்ல இந்த வேல பண்ணி மாட்டுனா மூணு வருசம் எழுத முடியாது, தெரியுமா?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் இன்னொருவன் காதில் என்னமோ சொன்னான். கோகிலவாணி இரண்டு தாளையும் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பொருந்தும் என்று கைக்கே தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஒரே ஒருத்தியின் அளவு ரவிக்கையை வைத்து ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் வெட்டிவிட்டாள். மகள் காப்பியடிக்கவில்லை, கையில் ஏறியிருந்ததைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் ஏற்றியது யார்?

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சுற்றிலும் இத்தனை பேர். ஒருத்தி அவளிடம் ரவிக்கை தைக்கிறவள். ஒன்பதாவது வகுப்பில் பாதிநாள் நின்றவளேதான் மறுபடி இங்கேயும் நின்றாள்.

“கண்டிச்சி வைக்கிறங்க டீச்சர்” என்றாள் கோகிலவாணி.

ஷாலினி திரும்பி அவளைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று கோகிலவாணிக்கு இருந்தது.

மறுநாள் ஷாலினிக்கு வயிற்றுவலி. அதற்கு மறுநாள் தலைவலி. மூன்றாம் நாள் வலி ஒன்றையும் சொல்லவில்லை. சீருடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து வைத்திருந்த ரவிக்கைகளுக்கு ஹூக் கட்ட ஆரம்பித்தாள். கோகிலவாணி கெஞ்சினாள். திட்டினாள். அப்பாவுக்குப் போன் போடுவேன் என்றாள். “போடு” என்றாள் ஷாலினி. போட்டபோது எதிர்முனையில் அறுப்பு மிஷின் சத்தம்தான் கேட்டது. “நீ பாத்துக்க கோகிலா” என்று இருசப்பன் கத்திவிட்டு வைத்துவிட்டான். அவள் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

அந்த மூன்று நாளில் அவள் நடந்த நடைக்குக் கல்வராயன் மலையையே ஏறி இறங்கியிருக்கலாம். வாசலுக்கும் அடுப்புக்கும், அடுப்புக்கும் வாசலுக்கும். காலையில் பிள்ளைகள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினாள், சாயங்காலம் திரும்புகிற சத்தம் கேட்டால் குழாயைத் திறந்துவிட்டாள். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், என்னவென்று சொல்வது?

நாலாம் நாள் கரியாலூர் ஜெயம்மாள் ரவிக்கை வாங்க வந்தாள். மகன் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் வெட்டியது. போட்டுப் பார்த்துவிட்டு ஜெயம்மாள் இரண்டு கையையும் தூக்க முடியாமல் நின்றாள்.

“இன்னா கோகிலா, மூச்சு வுட முடியல?”

கோகிலவாணி வேறு யாருடைய அளவு ரவிக்கையையோ வைத்து வெட்டிவிட்டிருந்தாள். பதினாலு வருஷத்தில் நடக்காதது. ஓரத்தைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஜெயம்மாள் நல்ல மனசுக்காரி, கோபப்படவில்லை. மூலையில் ஹூக் கட்டிக்கொண்டிருந்த ஷாலினியைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாப்பா பள்ளிக்கூடத்த நிறுத்திப்புட்டாளா? நல்லதாப் போச்சு போ. உனக்குக் கையாளா ஆச்சு. தொழிலு கத்துக்கினா சோத்துக்குப் பஞ்சமில்ல.”

வாழ்த்துதான் சொன்னாள் பாவம். கோகிலவாணிக்கு யாரோ பின்னந்தலையில் அறைந்த மாதிரி இருந்தது. கெட்டது நடக்கும்போது ஊர் ஒப்பாரி வைத்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தாள். இப்படி வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி நல்ல வார்த்தையோடு வரும் என்று நினைக்கவே இல்லை. அவள் கிழங்கு பிடுங்கப் போன நாளிலும் யாரோ அம்மாவிடம் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஜெயம்மாள் போனதும் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“கேள்வி வேறன்னு உனக்குத் தெரியலியாடி?”

ஷாலினி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்.”

“அப்பறம் ஏன் அதையே போட்ட?”

“மொதல்ல கரெக்டாத்தான் போட்டேன். நம்பரெல்லாம் போட்டு, புள்ளி வச்சி, கோடு இழுத்தேன். நம்ம கோடு மாரி ஆழமா எறங்கல. தட்டையா இருந்துச்சி. தப்பா பூட்ச்சின்னு பயந்துட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு…” ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள். “எப்பவும் போடறதையே போட்டேன். அதுக்குத்தான நீ கையெழுத்து போடுவ.”

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை சரியாகப் போட்டிருக்கிறாள். சரியாகப் போட்டதைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள், அம்மாவுக்குப் பொருந்தாது என்று. பத்தொன்பது மார்க்கைவிட இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“என் தப்புதான் சாமி. டீச்சருகிட்ட நான் சொல்லிடறேன்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?” ஷாலினி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். நாலு நாளாகச் சேர்ந்திருந்தது அத்தனையும் முகத்தில் வந்தது. “எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. என்னியத் திருடின்னாங்க. நீ கண்டிச்சி வைக்கிறேன்ற. ஏம்மா?”

“வெக்கமா இருந்துச்சிடி.”

“எனக்கு இல்லியா?”

கோகிலவாணி அவள் மடியிலிருந்த ரவிக்கையை எடுத்துக் கீழே வைத்தாள். ஷாலினி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“தனியாப் போயி டீச்சருகிட்ட சொல்லாத. கிளாஸ்ல வந்து சொல்லு. எல்லாரும் இருக்கற நேரத்துல சொல்லு. அப்பத்தான் நான் போவேன்.”

மறுநாள் காலை ஷாலினி பத்தடி முன்னால் நடந்தாள், கோகிலவாணி பின்னால். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. ஒரு தடவை செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நின்றே விட்டாள். ஷாலினி திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்ததால் எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் முதல் பீரியடே கணக்கு. வாசலில் நின்றவளைப் பார்த்து, “என்னம்மா?” என்றார் அருள்மொழி டீச்சர். “ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறங்க” என்று கோகிலவாணி உள்ளே வந்தாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் அவள் நிற்பது இருபது வருஷத்துக்கு அப்புறம் இதுதான்.

“ஷாலினி திருடலைங்க” என்றாள். “நான்தாங்க. டீச்சர் குடுத்த ஒரு தாள வச்சிக்கினு, அதே கோடுதான் வரணும்னு தெனம் போட வச்சேன். வேற கணக்கு போட்டுச்சி, கிழிச்சிப் போட்டேன். பரிட்சையில சரியாப் போட்டத அதுவே அழிச்சிடுச்சி, எனக்குப் பயந்துக்கினு. எனக்குக் கணக்கு தெரியாது. தெரியாதுன்னு அன்னிக்குச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு, எம்பொண்ண மாட்டி வுட்டுட்டேன். அதாங்க.”

கடைசிப் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பக்கத்திலிருந்தவன் இடித்ததும் நிறுத்தினார்கள். அருள்மொழி டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். விடைத்தாள் கட்டை எடுத்து ஷாலினியின் தாளைத் தேடிப்பிடித்து, ஜன்னல் பக்கம் போய் உற்றுப் பார்த்தார். அழித்த கோடு தாளில் அழுந்தி இருந்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தார்.

“நீட்டா இருந்தா போதும்னு சொன்னவ நான்தாம்மா” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு ஷாலினியைப் பார்த்தார். “நீ சொல்லியிருக்கலாம்ல? சரி, நானும் கேட்டிருக்கணும். போ, உக்காரு. இல்ல, இரு. போர்டுக்கு வா.”

கோகிலவாணி வெளியே வந்தாள். வேலை கிடக்கிறது, ஜெயம்மாளின் ரவிக்கையைப் பிரித்தாக வேண்டும். ஆனாலும் போக மனசில்லாமல் வராந்தா ஜன்னல் ஓரம் ஒதுங்கி நின்றாள். உள்ளே டீச்சர் இதுவரை யாரும் பார்க்காத புதுக் கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினார்.

“எக்ஸுக்கு மைனஸ் ரெண்டு போடு. எக்ஸ் ஸ்கொயர் எவ்ளோ?”

“மைனஸ் நாலு டீச்சர்.”

“தப்பு.”

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை எல்லாருமே சிரித்தார்கள். பிள்ளை இப்போது அழுதுகொண்டு வெளியே ஓடிவரப் போகிறாள், சீருடை மறுபடி பெட்டிக்குள் போகப் போகிறது என்று கோகிலவாணி நினைத்தாள். உள்ளே புகுந்து விடையைச் சொல்லிவிடலாம் என்றால் அவளுக்கு அது தெரியாது. ஷாலினி ஜன்னல் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தாள்.

ஷாலினி திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

“சொல்லிடாதீங்க டீச்சர்” என்றாள். “நானே போடறேன்.”